நாஞ்சில் நாடும் சமுதாய ஆராய்ச்சியும்

ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து தெற்கு நோக்கி வரும் வழிப்போக்கன் ஒருவன், நாஞ்சில் நாட்டின் எழிலைக் கண்டு வியந்து நிற்பான். ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலை முகில் சூடி நிற்கும். மறுபுறம் பழையாற்று நீரால் விளையும் நெல்வயல்கள் பச்சைப் பாய் விரித்தாற்போலத் தோன்றும். குளங்களில் தாமரையும் ஆம்பலும் மலர்ந்திருக்கும். தென்னந்தோப்புகளுக்கு மேலே சுசீந்திரத்துக் கோபுரம் நிமிர்ந்து காட்சி தரும். இவற்றையெல்லாம் ஒரு பகற்பொழுதில் கண்டு மீளும் அவன், "நாஞ்சில் நாட்டை நன்கு அறிந்துகொண்டேன்" என்று தன் ஊராரிடம் கூறுவான். அவன் கூற்றுப் பொருந்துமோ?

அவன் வயலைக் கண்டான். அவ்வயல் உடையவனுக்குப்பின் யாரைச் சேரும் என்பதைக் கண்டிலன். கோயிலைக் கண்டான், ஒரு காலத்தில் அதன் வீதிகளில் யார் நடக்கலாம், யார் நடத்தல் ஆகாது என்றிருந்த முறையைக் கண்டிலன். ஊர்க்கொடையில் வில்லின் மணியோசையைக் கேட்டான். அங்குப் பாடப்பெற்றது யாருடைய இறப்பு என்பதை அறிந்திலன். அவன் கண்டது நாட்டின் உடம்பு. உயிரை அவன் காணவில்லை. மக்கள் ஒருவரோடொருவர் கொண்டுள்ள உறவும் உரிமையும் நம்பிக்கையுமே ஒரு நாட்டின் உயிராகும். அவ்வுயிரை அறிவதற்கென அமைந்த கல்வியே சமுதாய ஆராய்ச்சி என்பது.

இந்நாளில் தோவாளை, அகத்தீசுவரம் என்னும் வட்டங்களாக விளங்கும் பகுதியே நாஞ்சில் நாடு எனப்படும். நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த இந்நிலப்பகுதி, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களோடு கூடிக் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுடன் இணைந்தது. பரப்பில் சிறியதேயாயினும், மக்கள் வாழ்வை ஆராய்வார்க்கு இது வற்றாத ஊற்று. ஆராய்ச்சியின் அடிப்படைக் கருத்துகளையும் முறைகளையும் இந்நாட்டைக் கொண்டே விளக்கிவிடலாம்.

சமுதாயமும் பண்பாடும்

சமுதாயம் என்பது யாது? பலர் ஓரிடத்திற் கூடியிருத்தல் மட்டும் சமுதாயம் ஆகாது. சந்தையிற் கூடிய கூட்டம் பொழுது சாய்ந்ததும் கலைந்துவிடும். உறவு, உரிமை, கடமை என்னும் கயிறுகளால் தலைமுறை தலைமுறையாகப் பிணைப்புண்டு வாழும் மக்கள் தொகுதியே சமுதாயம். ஒருவன் மகனாகவும், மருமகனாகவும், உழவனாகவும், ஊர்க்கூட்டத்தில் ஒருவனாகவும் ஒரே காலத்தில் விளங்குகிறான். ஒவ்வொரு நிலைக்கும் உரிய கடமைகள் வெவ்வேறு. இந்நிலைகளின் அமைப்பை அறிதலே சமுதாயத்தை அறிதலாகும்.

பண்பாடு என்பது அச்சமுதாயத்தார் கற்று ஒழுகும் வாழ்க்கை முறை. டைலர் என்னும் ஆங்கில அறிஞர் 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இதற்கு ஓர் இலக்கணம் வகுத்தார். அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் முதலியனவாக, மனிதன் சமுதாயத்தில் ஒருவனாக இருப்பதனாற் பெறுகின்ற யாவும் சேர்ந்த தொகுதியே பண்பாடு என்பது அவர் கருத்து. பெறுகின்ற என்னும் சொல் ஈண்டுக் கருதத்தக்கது. பசி இயற்கையில் வருவது. எதை, யாரோடு, எவ்வாறு உண்பது என்பது கற்று வருவது. குழந்தை அழுதல் இயற்கை. இன்ன மொழியிற் பேசுதல் பண்பாடு.

நாஞ்சில் நாட்டு உழவர் தம் நெல் விளைவை இரண்டாகப் பகுத்து, கன்னிப்பூ, கும்பப்பூ என வழங்குவர். இவ்விரு பெயர்களும் கன்னி, கும்பம் என்னும் மாதப் பெயர்களினின்று வந்தவை. தமிழ்நாட்டின் பிற பகுதிகளிற் புரட்டாசி என்றும் மாசி என்றும் வழங்கும் மாதங்களே இவை. வீட்டிலே தமிழ் பேசிய மக்கள், வயலிலே கொல்லம் ஆண்டின் மாதப் பெயர்களைக் கொண்டு காலத்தை எண்ணினர். இரண்டு பண்பாடுகள் ஒரு நிலத்தில் கலந்து நின்ற வரலாறு முழுவதும் அவ்விரு சொற்களில் அடங்கிக் கிடக்கின்றது. ஆராய்வான் ஒருவனுக்கு ஒரு பயிரின் பெயரும் சான்றாகும் என்பது இதனால் விளங்கும்.

இன்னும் ஒன்று அறிதல் வேண்டும். ஒரு வழக்கம் தனித்து நில்லாது. கயிற்றுக் கட்டிலில் ஓரிழையை இழுத்தால் மற்றை இழைகளும் இறுகுதல் போல, திருமண முறை மாறினால் சொத்துரிமை மாறும். சொத்துரிமை மாறினால் குடும்பத்தின் அமைப்பு மாறும். ஆகவே, ஒரு வழக்கத்தை ஆராய்வான் அதனோடு தொடர்புடைய பிறவற்றையும் உடன் நோக்குதல் வேண்டும்.

மூன்று அளவைகள்

உண்மையை அறியும் கருவிகளைத் தருக்க நூலார் அளவை என்பர். நெல்லை நாழியால் அளப்பது போல அறிவை அளப்பதற்கும் கருவி வேண்டும் என்பது அவர் துணிபு. மணிமேகலைக் காப்பியமும் அளவைகளை விரித்துரைக்கின்றது. அவற்றுள் தலைமையானவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்று. கண் முதலிய பொறிகளால் நேரே அறிதல் காட்சி. புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணிதல் கருதல். அறிந்தோர் கூறக் கேட்டுக் கொள்ளுதல் உரை.

சமுதாய ஆராய்ச்சியின் முறைகள் யாவும் இம்மூன்றனுள் அடங்கும். மக்களோடு கூடி வாழ்ந்து அவர் செயலை நோக்குதல் காட்சி. அவரை வினாவி விடை பெறுதலும், கல்வெட்டு, ஓலை, பத்திரம் ஆகியவற்றைப் படித்தலும் உரை. இவ்விரண்டாற் கிடைத்த செய்திகளை ஒப்பிட்டுக் காரணம் காணுதல் கருதல். இவற்றுள் ஒன்றனையே நம்பி மற்றவற்றைக் கைவிட்டவன் வழுக்குவான். காட்சி மட்டும் கொண்டவன் காரணம் அறியான். உரை மட்டும் கொண்டவன் பிறர் வாய்க்கு அடிமையாவான். கருதல் மட்டும் கொண்டவன் வானத்திற் கோட்டை கட்டுவான்.

ஆராயப் புகுமுன் ஒருவன் உள்ளத்தில், "இஃது இவ்வாறு இருக்கலாம்" என்று ஓர் எண்ணம் தோன்றுதல் இயல்பு. அதனைக் கருதுகோள் என்பர். கருதுகோள் முற்பட்டுத் தோன்றுவது குற்றமன்று. சான்றுகள் மறுத்த பின்னும் அதனை விடாது பற்றிக்கொள்வதே குற்றம். கயிற்றைப் பாம்பென எண்ணியவன் விளக்கொளியிற் கண்ட பின்னும் பாம்பென்றே சாதிப்பானாயின், அவனைத் தெளிவிப்பார் யார்?

மருமக்கள் வழி

நாஞ்சில் நாட்டு வேளாளருள் ஒரு பிரிவினரிடம் மருமக்கள் வழி என்னும் உரிமை முறை வழங்கியது. இம்முறைப்படி ஒருவனுடைய சொத்து அவன் பெற்ற மக்களுக்குச் செல்லாது. அவன் உடன்பிறந்தாளின் மக்களுக்கே செல்லும். குடும்பத்தின் மூத்த ஆண்மகன் காரணவன் எனப்பெற்று, தாய்வழிக் குடும்பத்தின் உடைமைகளை ஆண்டுவந்தான். பெற்ற மக்களுக்கு உகந்துடைமை என்னும் பெயரால் ஒரு சிறு பங்கே உரியதாயிற்று.

கேரள நாட்டு நாயர் குடும்பங்களிலும் மருமக்கள் வழி இருந்தது. அங்குப் பெண்கள் தாம் பிறந்த தறவாட்டிலேயே வாழ்ந்தனர். அவர்தம் மக்களும் அங்கேயே வளர்ந்தனர். வளர்ந்த வீடும் உரிமை வீடும் ஒன்றாகவே இருந்தன. நாஞ்சில் நாட்டிலோ மணமான பெண் கணவன் இல்லத்திற்குச் சென்று வாழ்ந்தாள். அவள் மக்கள் தந்தையின் வீட்டில் வளர்ந்தனர்; உரிமையோ மாமன் வீட்டில் இருந்தது. தந்தை இறந்த அன்று, அவர் உழுது திருத்திய நிலமும் அவர் மக்கள் ஓடி விளையாடிய முற்றமும் மருமகனைச் சேர்ந்தன. தாயும் மக்களும் படியிறங்கி நின்றனர்.

ஈண்டு ஆராய்ச்சியாளர் இரண்டு கருத்துகளை வேறுபடுத்திக் காண்பர். மரபு யார் வழியாக எண்ணப்படுகிறது என்பது ஒன்று. மணமக்கள் யார் வீட்டில் வாழ்கின்றனர் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றெனக் கருதினார்க்கு, ஒரே பெயருடைய வழக்கம் ஓரிடத்தில் அமைதியாக நடந்ததும், மற்றோரிடத்தில் வழக்கும் கண்ணீருமாக முடிந்ததும் ஏன் என்பது விளங்காது. இரண்டும் வேறென அறிந்தார்க்கோ காரணம் தானே புலப்படும்.

இத்தகைய உறவு முறைகளை ஆராயக் கொடிவழி முறை பெரிதும் துணைசெய்யும். ஒரு குடும்பத்தாரை வினாவி, பாட்டன் பாட்டி தொடங்கிப் பேரர் ஈறாக யார் யாருக்கு என்ன உறவு, யார் யாரை மணந்தனர், நிலம் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பவற்றை வரைந்து காண்பதே அம்முறை. ரிவர்சு என்னும் ஆங்கில அறிஞர் இதனைச் செம்மை செய்தவர். அவர் 1901ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி அவர்தம் கொடிவழிகளைத் தொகுத்தார். தோடரைப் பற்றிய அவர் நூல் 1906இல் வெளிவந்தது. "உங்கள் வழக்கம் யாது?" என்று வினவினால் மக்கள் நெறியைக் கூறுவர். "உங்கள் பாட்டனார் நிலம் யாரிடம் சென்றது?" என்று வினவினால் நடந்ததைக் கூறுவர். நெறியும் நடப்பும் எப்பொழுதும் ஒன்றாய் இருப்பதில்லை. அவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளியிலேதான் ஆராய்வான் கண் பதிய வேண்டும்.

உறவுப் பெயர்களும் சான்றாகும். தமிழில் தந்தையின் உடன்பிறந்தான் பெரியப்பன் அல்லது சிற்றப்பன். தாயின் உடன்பிறந்தான் மாமன். ஆங்கிலத்தில் இவ்விருவர்க்கும் ஒரே பெயர். தமிழர் இவ்வாறு பகுத்ததற்குக் காரணம் உண்டு. சிற்றப்பன் மக்கள் உடன்பிறப்புகள். மாமன் மக்கள் மணத்திற்குரியோர். மருமகன் என்னும் ஒரு சொல்லே உடன்பிறந்தாள் மகனையும் மகளின் கணவனையும் குறிக்கின்றது. மார்கன் என்னும் அமெரிக்க அறிஞர் 1871இல் வெளியிட்ட நூலில் தமிழரின் உறவுப் பெயர்களையும் சேர்த்து ஆராய்ந்துள்ளார். மருமக்கள் வழிக் குடும்பத்தில் மருமகன் மாமன் மகளையே மணப்பானாயின், தந்தையின் சொத்து மகள் வாழும் வீட்டிற்கே வந்து சேரும். ஒரு முறையால் வந்த இடர் மற்றொரு முறையால் ஒருசிறிது தணிதல் காண்க.

இக்கொடுமையை ஊரறியச் செய்தவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. தேரூரில் 1876ஆம் ஆண்டில் பிறந்த அவர் பாவலர் மட்டுமல்லர். கல்வெட்டுகளைத் தேடிப் படித்த ஆராய்ச்சியாளருமாவார். காந்தளூர்ச் சாலை பற்றிய அவர் நூல் அதற்குச் சான்று. அவர் இயற்றிய நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம், அம்முறையால் நொந்த ஒரு பெண்ணின் வாய்மொழியாக அமைந்தது. காரணவர்தம் செய்கை, மருமக்களின் பூசல், நீதிமன்ற வழக்குகள், அடுக்களையில் நிகழும் சிறுமைகள் யாவும் அதில் நகைச்சுவையோடு இடம்பெற்றன. உரிமை பற்றிய ஆவணங்களை ஆண்களே எழுதினர். அவற்றிற் பெண்ணின் குரல் இல்லை. கவிமணி அக்குரலைக் கேட்டுப் பதிவு செய்தார். யாருடைய உரை இதுகாறும் கேட்கப்படவில்லை என்று தேடுவது ஆராய்வானின் முதற்கடமை என்பதை இந்நூல் உணர்த்தும்.

1926ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. பெற்ற மக்கள் தந்தையின் உடைமையிற் பங்கு பெற வழி பிறந்தது. பின்னர் இந்திய நாடாளுமன்றம் 1956இல் நிறைவேற்றிய இந்து வாரிசுரிமைச் சட்டம், பழைய மருமக்கள் வழிச் சட்டங்களுள் ஒன்றாக இதனையும் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றது. பண்பாடு மலைபோல் அசையாதது என்று எண்ணுவார்க்கு இவ்வரலாறு தக்க விடையாகும். மக்கள் ஆக்கிய முறையை மக்களே மாற்றினர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நாஞ்சில் நாட்டார் அனைவரும் மருமக்கள் வழியினர் என்று கூறுவது பிழை. வேளாளருள்ளேயே மக்கள் வழியினரும் இருந்தனர். ஒரு பிரிவினர்க்கு உரியதை நாட்டுக்கே ஏற்றிச் சொல்லுதல் ஆராய்ச்சியில் அடிக்கடி நேரும் வழுவாகும்.

கல் பேசுவதும் பேசாததும்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் நாஞ்சில் நாட்டு வரலாற்றின் கருவூலம். இம்மாவட்டத்தைச் சேர்ந்தவரும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராய் விளங்கியவருமான கே. கே. பிள்ளை, அக்கோயிலைப் பற்றிய பெருநூல் ஒன்றை 1953ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கட்டடக்கலை, கல்வெட்டு, நிருவாகம், விழா, வழிபாடு ஆகிய பலவற்றையும் அவர் அதில் ஒருங்கே ஆராய்ந்துள்ளார். ஒரு கோயிலை ஆராய்வது, அதனைச் சூழ்ந்த சமுதாயத்தையே ஆராய்வதாகும் என்பதற்கு அந்நூல் எடுத்துக்காட்டு.

கோயில், கடவுளை வழிபடும் இடமாக மட்டும் அந்நாளில் இருக்கவில்லை. அது நிலவுடைமையாளனாகவும், பலர்க்கு வேலை அளிப்பதாகவும், நீதிமன்றமாகவும் விளங்கியது. சுசீந்திரத்திற் கைமுக்கு என்னும் ஒரு முறை இருந்தது. குற்றம் சாற்றப்பட்ட நம்பூதிரி ஒருவர் கொதிக்கும் நெய்யிற் கையை முக்கித் தம் தூய்மையை நிலைநாட்ட வேண்டும் என்பது அம்முறை. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. இச்செய்தியை இன்று கோயிலுக்குச் செல்வான் தன் கண்ணாற் காண இயலாது. உரையளவையே இங்குத் துணை.

ஆயின், கல்வெட்டும் ஆவணமும் எல்லாவற்றையும் கூறிவிடுமோ? நிலம் அளித்தவன் பெயரைக் கல் கூறும். விளக்கெரிக்க நெய் அளந்தவன் பெயரைக் கூறும். அந்நிலத்தைச் சேற்றில் நின்று உழுதவன் பெயரை அது பெரும்பாலும் கூறாது. அவன் இல்லாமையால் அன்று. எழுதுவித்தவர் அவனை எண்ணாமையால். ஆகவே, சான்று கூறுவதைக் கேட்பதோடு, அது கூறாது விட்டதையும் ஆராய்வான் உசாவுதல் வேண்டும்.

கோயிலைச் சூழ்ந்த வீதிகளும் அவ்வாறே. அவ்வீதிகளில் நடக்கும் உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவ்வுரிமை வேண்டி 1926ஆம் ஆண்டிற் சுசீந்திரத்தில் அறப்போர் நிகழ்ந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வெளியான திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால், பிறப்புப் பற்றிய தடை நீங்கிக் கோயிற் கதவுகளும் திறந்தன. அதற்கு முன் வாழ்ந்த ஒருவரிடம், "இவ்வூரின் அழகு யாது?" என்று வினவியிருப்பின், வீதியில் நடந்தவர் தேரைக் கூறியிருப்பார், விலக்குண்டவர் தாம் சுற்றிச் சென்ற வழியைக் கூறியிருப்பார். இருவர் உரையையும் கேட்டாலன்றி ஊரை அறிதல் இயலாது.

வில்லின் அருகே

இனிக் காட்சியின் இன்றியமையாமையை நோக்குவோம். நாஞ்சில் நாட்டு ஊர்க்கோயில்களிற் கொடைவிழாக் காலத்தில் வில்லுப்பாட்டு நிகழும். நீண்ட வில்லில் மணிகளைக் கட்டி, வீசுகோலால் நாணைத் தட்டித் தலைமைப் பாடகர் கதை பாடுவார். உடுக்கை, குடம், தாளம், கட்டை ஆகியவை உடன் ஒலிக்கும். பின்பாட்டுக்காரர் அடிகளைத் தொடர்ந்து பாடுவர். வானிலிருந்து வந்த தெய்வங்களின் பிறப்புக் கதைகளும், அநியாயமாகக் கொல்லப்பட்டு மக்களால் வணங்கப்பெறும் மாந்தரின் இறப்புக் கதைகளும் அங்குப் பாடப்படும்.

இக்கதைகளை ஓலையிற் படிக்கலாம், அச்சிலும் படிக்கலாம். பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதை முதலிய பல கதைப்பாடல்களை ஆராய்ந்து பதிப்பித்து, அறிஞர் உலகம் அவற்றைப் போற்றுமாறு செய்தார். அப்பதிப்புகளின்றி இத்துறை வளர்ந்திராது. எனினும், ஏட்டிற் காணாத ஒன்று களத்தில் உண்டு.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்களில் தங்கிக் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டைக் கேட்டுப் பதிவு செய்தார். 1988ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் நூல், பாட்டை நிகழ்ச்சியோடு சேர்த்தே ஆராய்கின்றது. கதையில் வீரன் மாயும் இடம் நெருங்கும்போது பாட்டின் நடை விரைவு பெறும். இசைக்கருவிகளின் ஒலி ஓங்கும். கூடியிருப்போர் கண் கலங்குவர். சாமியாடியின் மேல் தெய்வம் வந்து இறங்கும். இறந்தவன் அந்த நொடியில் ஊரார் முன் எழுந்து நிற்கின்றான். ஏட்டில் அந்த இடமும் மற்றை இடங்களைப் போல் நான்கு வரியாகவே நிற்கும். அந்நான்கு வரிகளுக்காகவே ஊர் இரவெல்லாம் விழித்திருந்தது என்பதை அருகிலிருந்து கண்டவனே அறிவான்.

இவ்வாறு மக்களோடு கூடி வாழ்ந்து, அவர்தம் மொழியைப் பயின்று, அவர் வாழ்வை உள்ளிருந்து நோக்கும் முறையை உடனுறைந்து காணல் எனலாம். போலந்து நாட்டிற் பிறந்த மாலினோவ்ஸ்கி என்பவர் இம்முறைக்குப் பெருமை தேடித் தந்தவர். நியூகினியாவுக்கு அருகிலுள்ள டிரோபிரியாண்டுத் தீவுகளில் 1915 முதல் 1918 வரை இருமுறை நெடுநாள் தங்கி, ஊர் நடுவே கூடாரமிட்டு அவர் வாழ்ந்தார். அத்தீவினரும் தாய்வழி மரபினரே. அங்கும் அன்பு தந்தையிடமும் உரிமை மாமனிடமும் இருந்ததை அவர் கண்டார். கடல் பல கடந்த தீவின் செய்தி நாஞ்சில் நாட்டு முற்றத்தை நினைவூட்டுகின்றது. இவ்வாறு தொலைவிலுள்ள இரு சமுதாயங்களை ஒருங்கு வைத்து நோக்குதலை ஒப்பீட்டு முறை என்பர்.

எண்ணும் முறை

எத்தனை குடும்பங்கள் நிலமுடையன? எத்தனை பெண்கள் எழுத்தறிந்தவர்? இத்தகைய வினாக்களுக்கு எண்ணிக்கையே விடை தரும். திருவிதாங்கூரில் 1875ஆம் ஆண்டிலேயே மக்கட்டொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. ஊர்தோறும் வீடுதோறும் சென்று தொகுத்த இத்தகைய கணக்குகள் இன்றும் ஆராய்வார்க்கு உதவுகின்றன.

எல்லாரையும் வினாவுதல் இயலாதவிடத்துச் சிலரைத் தேர்ந்து வினாவுவர். "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்னும் பழமொழி இங்கு நினைவிற்கு வரும். பழமொழி உண்மையே, ஆயினும் அது சோறு சமைப்பார்க்கு உரியது. பானையிலுள்ள அரிசி ஒரே வகையினது. தீயும் அதனை ஒருபடித்தாகவே வேகச்செய்யும். சமுதாயம் அத்தகைய பானை அன்று. மேலே மிதப்பதும் அடியிற் கிடப்பதும் ஒரே பதத்தில் இரா. ஆகவே, செல்வர் தெருவில் நால்வரை மட்டும் வினாவி ஊர் முழுவதற்கும் முடிவு கூறலாகாது. மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துப் பார்த்தல் வேண்டும். எண் எத்தனை என்பதைக் கூறும். ஏன் என்பதைக் கூறாது. அதற்கு மீண்டும் மக்களிடமே செல்லுதல் வேண்டும்.

ஆராய்வானின் ஒழுக்கம்

அளவைகள் செம்மையாக இருப்பினும், அளப்பவன் உள்ளம் கோணுமாயின் பயனில்லை. அயலிலிருந்து வருவானுக்கு எல்லாம் விந்தையாகத் தோன்றும். ஊரிற் பிறந்தவனுக்கு எல்லாம் இயல்பாகத் தோன்றும். இரண்டும் குறையே. அயலான் இகழாதிருக்கக் கற்க வேண்டும். ஊரான் வியக்கக் கற்க வேண்டும்.

மேலும், யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் அதனை ஒருநாள் படிப்பார்கள் என்பதை மறத்தலாகாது. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் இயற்றிப் பெரும்புகழ் பெற்ற கால்டுவெல் ஐயர், அதற்கு முன் 1849இல் திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்த ஒரு சமூகத்தாரைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டிருந்தார். கல்வியில் உயர்ந்த அச்சமூகத்தார் பின்னர் அதனைப் படித்து, தம்மை இழித்துரைக்கும் பகுதிகள் அதில் இருத்தல் கண்டு வருந்தி எதிர்த்தனர். முடிவில் அந்நூலை அவர் திரும்பப் பெற நேர்ந்தது. பேரறிஞர்க்கும் இத்தகைய வழு நேருமாயின், மற்றையோர் எத்துணை விழிப்பாய் இருத்தல் வேண்டும்!

நம்பிக் கூறிய குடும்பச் செய்தியை ஊரறியப் பரப்புதல் கூடாது. கூற விரும்பாதாரை வற்புறுத்தலாகாது. கண்டதையும் கேட்டதையும் கருதியதையும் ஒன்றாகக் கலவாது, இது கண்டது, இது இன்னார் கூறியது, இது என் துணிபு எனப் பிரித்தெழுதுதல் வேண்டும். கேட்ட நாளையும் இடத்தையும் உடனுக்குடன் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. நினைவு நாளடைவில் தனக்கு வேண்டியவாறு கதையைத் திருத்திக்கொள்ளும்.

முடிவுரை

இவ்வாராய்ச்சி பெரும் பல்கலைக்கழகத்தார்க்கே உரியது என மாணவர் எண்ண வேண்டுவதில்லை. ஒவ்வொருவர் வீட்டுத் திண்ணையிலும் இதற்கான ஏடு விரிந்து கிடக்கின்றது. பாட்டியின் அருகே அமர்ந்து, அவர் எந்த ஊரிற் பிறந்தார், எவ்வாறு மணம் நிகழ்ந்தது, சீதனமாக வந்தது யாது, நிலம் யார் பெயரில் இருந்தது என அன்போடு கேட்டு, ஒரு கொடிவழியை வரைந்து பார்க்கலாம். அடுத்த தெருவிலுள்ள ஒருவர் பாட்டியிடமும் அவ்வாறே கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் வேறுபடுமாயின் அங்கேதான் ஆராய்ச்சி தொடங்குகின்றது.

மருமக்கள் வழி மாய்ந்தது, கைமுக்கு ஒழிந்தது, விலக்கப்பட்ட வீதியில் எல்லாரும் நடக்கின்றனர். வழக்கத்தை மாற்ற முனைந்தோர் முதலில் அதனை உள்ளவாறு கண்டனர். அதனால் நொந்தோர் கூறியதைச் செவிமடுத்தனர். காரணம் யாதென எண்ணினர். காட்சியும் உரையும் கருதலும் கூடிய அறிவு நூலறிவோடு நில்லாது. படியிறங்கி நின்ற ஒரு தாயை மீண்டும் வீட்டினுள் அழைத்து வரவும் வல்லது. அடுத்த முறை பழையாற்றங்கரையிற் செல்லும் மாணவன், வயலின் பசுமையைக் கண்டு மகிழட்டும், அதன்பின் சிறிது நின்று, "இவ்வயல் யாருடையது? இதனை உழுதவர் யாவர்? அவர் மக்கள் இன்று எங்கே?" என்றும் வினாவட்டும்.

பயிற்சி

1. சமுதாயம், பண்பாடு என்பவற்றை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. மருமக்கள் வழி நாஞ்சில் நாட்டிற் பெருந்துன்பம் விளைத்ததற்குக் காரணம் யாது?
3. "கல் பேசுவதும் பேசாததும்" என்பதன் கருத்தைச் சுசீந்திரத்தைக் கொண்டு விளக்குக.
4. வில்லுப்பாட்டை ஏட்டில் மட்டும் படிப்பவன் இழப்பது யாது?
5. உன் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கொடிவழியை, வீட்டுப் பெரியோரைக் கேட்டு வரைக. நீ கண்டது, கேட்டது, கருதியது ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்க.